குழி விழாத ஷீல்டு

ஷீல்டக்காவிடம் முகத்துக்குப் போடுகிற ஷீல்டு வாங்கப் போகிறவர்கள் ஒரு விஷயத்துக்குப் பழகிக்கொள்ள வேண்டும். புதுசை நீட்டுவதற்கு முன்னால் பழசைக் கேட்பாள். வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போவாள். எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் மாதிரி வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள்.

"நீங்க இடது கையாலதானே துடைக்கிறீங்க?" என்பாள்.

வந்தவர் தன் இடது கையை ஒரு தடவை பார்த்துக்கொள்வார். துடைத்த கீறல் எந்தப் பக்கமாகச் சுழித்திருக்கிறது என்று பார்த்துச் சொன்னதுதான், வேறு மாயமில்லை. புல் வெட்டுகிற மெஷின் பிடிப்பவரின் ஷீல்டில் தாடைக்கு நேரே பச்சைக்கறை கோடு போட்டிருக்கும். எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவருடையதில் பொட்டுப் பொட்டாக மஞ்சள். முடி திருத்துகிற பெண்ணுடையதில் சீப்பு உரசின கோடுகள், அதுவும் எட்டுப் பத்து ஒரே சீராக. முகத்தில் விழ இருந்ததெல்லாம் இதில் விழுந்திருக்கிறது என்று நினைக்கும்போது அவளுக்கு ஒரு சிலிர்ப்பு. யாராவது பழசைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று சொன்னால், தனக்கு வந்த கடிதத்தைக் கிழித்துவிட்ட மாதிரி முகம் வாடிப்போகும்.

இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் ஒரு பல் டாக்டரம்மா.

ஷீல்டக்கா அதற்கு முன்னால் ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டிருந்தவள். ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த நோய்க்காலத்தில் கடையும் மூடிவிட்டது. புத்தகத்துக்கு மேலட்டையாகப் போடும் கண்ணாடித்தாள் இரண்டு கட்டு அவளிடம் மிஞ்சியிருந்தது. மெத்தை தைப்பவரிடம் பஞ்சுப்பட்டை, தையல் கடையில் எலாஸ்டிக், சொந்தமாக ஒரு ஸ்டேப்ளர். மேஜையில் உட்கார்ந்து தானே ஒன்று செய்து, தானே போட்டு, கண்ணாடி முன்னால் நின்று, "விண்வெளிக்குக் கிளம்பிட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த தெருப் பல் டாக்டரம்மா பத்து வாங்கினார். இரண்டு வாரத்தில் போன் வந்தது.

"என்னம்மா இது? எல்லாம் பனி மூட்டமா இருக்கு. எது பல்லு, எது ஈறுன்னு தெரியாம நான் யாரு வாயிலயாவது தப்பான பல்லைப் பிடுங்கப் போறேன்!"

ஷீல்டக்கா ஓடினாள். ஷீல்டைக் கையில் வாங்கி, மூலையில் நகத்தை விட்டு இழுத்தாள். சர்ரென்று ஒரு மெல்லிய தோல் உரிந்து வந்தது. கீறல் விழாமலிருக்கத் தாளின் மேல் ஒட்டிவருகிற படலம். உரித்துவிட்டுப் போட வேண்டும் என்று சொல்ல மறந்துபோயிருந்தாள். டாக்டரம்மா போட்டுக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"அடக் கடவுளே, என் கிளினிக்ல இவ்வளவு தூசியா? அதைத் திருப்பி ஒட்டிடும்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். ஷீல்டக்காவும் சிரித்தாள். ஆனால் வீடு வரும் வழியெல்லாம் மனசு அரித்துக்கொண்டே இருந்தது. மேஜையில் உட்கார்ந்து என்னதான் பார்த்துப் பார்த்துச் செய்தாலும், அது ஒரு முகத்தில் ஏறின பிறகு என்ன ஆகிறது என்பது இங்கிருந்து தெரியப் போவதில்லை. அன்றிலிருந்து பழசைத் திருப்பி வாங்க ஆரம்பித்தாள்.

அவள் வீட்டுக்காரருக்கு இரும்பு கேட் செய்கிற பட்டறையில் வேலை. தகட்டில் கொடியும் இலையுமாகச் சாக்பீஸால் வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே கட்டிங் மெஷினை ஓட்டி வெட்டி எடுப்பார். வளைவில் அவர் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. பட்டறையில் அவருக்குக் கொடிக்காரர் என்று பேர். ஷீல்டக்காவின் தம்பியும் அங்கேதான் வெல்டர்.

போன வருஷம் கொடிக்காரரின் இடது கண்ணில் ஓர் இரும்புத் துகள் விழுந்தது. "தண்ணி ஊத்திக் கழுவிட்டேன், சரியாப்போச்சு" என்றார். மறுநாளைக்குள் அது கண்ணிலேயே துருப்பிடித்துவிட்டது. கண் டாக்டர் சுரண்டி எடுத்தார். எடுத்த இடத்தில் அரிசிக்குருணை அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு. அந்தக் கண்ணால் பார்த்தால் எண்ணெய்த்தாள் வழியாகப் பார்க்கிற மாதிரிதான் இருக்கிறது என்கிறார்.

"வலது கண்ணையாவது பத்திரமா பார்த்துக்குங்க" என்றார் டாக்டர். "வண்டிக்கு ஸ்டெப்னி இருக்கு. இதுக்கு இல்ல. இருந்த ஸ்டெப்னியத்தான் இப்ப மாட்டிக்கிட்டு ஓட்டுறீங்க."

ஷீல்டக்கா அன்றைக்கே தடிமனான பிளாஸ்டிக் தகடு வாங்கி வந்து, அவருக்கும் பட்டறையில் மற்ற ஐந்து பேருக்கும் ஷீல்டு செய்து கொடுத்தாள். காலையில் சாப்பாட்டுப் பையோடு அதையும் அவர் தோளில் மாட்டிவிட்டால்தான் அவளுக்கு மூச்சு சீராக வரும்.

மூன்று மாதம் கழித்து, "உங்க பழசைக் கொண்டு வாங்க, பார்க்கணும்" என்றாள்.

கொடிக்காரர் பெருமையாகக் கொண்டு வந்தார். "எப்படி வச்சிருக்கேன் பாரு. புதுசு மாதிரி!"

ஜன்னலோரம் போனாள். தூக்கிப் பிடித்தாள்.

புதுசு மாதிரிதான் இருந்தது. தீப்பொறி ஒரு மணி நேரம் அடித்தாலே தகட்டில் குண்டூசி முனை அளவுக்குக் குழிகள் விழும், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பழுப்புப் புள்ளி இருக்கும். இதில் ஒரு குழிகூட இல்லை. வெளிப்பக்கம் முழுக்க, பீரோ உச்சியில் படிகிற மாதிரி, சீராகத் தூசி படிந்திருந்தது. தூசி மேலேயிருந்து இறங்கி உட்காருகிற சமாச்சாரம். நிமிர்ந்து நிற்கிற தகட்டில் இப்படிப் படியாது. அப்படியானால் இது இவர் தலைக்கு மேல் கூரை மாதிரி படுத்துக் கிடந்திருக்கிறது. மூன்று மாதமாக.

"இதைப் போடுறீங்களா?"

"போடாம? உன் தம்பியைக் கேளு. காலையில மாட்டினா சாயங்காலம்தான் கழட்டுறேன்."

பொய் சொல்லவில்லை, அதுதான் அவளைக் குழப்பியது. சண்டை போட வாயெடுத்தவள், முழுங்கிக்கொண்டாள். சண்டை போட்டால் நாளைக்குக் கொஞ்சம் மணலை எடுத்துத் தேய்த்துக் கொண்டுவந்து காட்டுவார். ஆளை அவளுக்குத் தெரியாதா?

கனமாக இருக்கிறதோ என்று பட்டையை மெலிதாக்கினாள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் குழி இல்லை. வேர்க்கிறதோ என்று நெற்றிக்கு மேல் காற்று போக வழி வைத்தாள். அப்போதும் இல்லை. எலாஸ்டிக் அழுத்துகிறதோ என்று அகலப்பட்டை போட்டாள். "சூப்பரா இருக்கு, போட்டிருக்கிறதே தெரியல" என்றார் கொடிக்காரர். போட்டிருந்தால்தானே தெரிவதற்கு! மற்ற ஐந்து பேருடையதையும் வாங்கிப் பார்த்தாள். தம்பிக்கு வெல்டிங் முகமூடி தனி, அவன் ஷீல்டை விட்டுவிடலாம். மிச்ச நாலும் அதே கதை. ஐந்து பேர் சேர்ந்து சொல்லிவைத்து ஏமாற்றமாட்டார்கள். என்னவோ ஒன்று இருக்கிறது.

ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பட்டறைக்கே போய், ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"என்னக்கா, இன்ஸ்பெக்டரா வந்திருக்கியா?" என்றான் தம்பி. "மாமா, மூஞ்சியை மூடுங்க. ரெய்டு!"

"உன் வாயை முதல்ல மூடு, மாப்ள" என்று சொல்லிக்கொண்டே கொடிக்காரர் ஷீல்டை இறக்கிவிட்டு மெஷினைப் போட்டார்.

பொறி பறந்தது. ஷீல்டு முகத்தில்தான் இருந்தது. இரண்டு விரற்கடை வெட்டினார். மெஷினை நிறுத்தினார். பெருவிரலால் ஷீல்டை மேலே தள்ளினார். குனிந்தார். ஃபூ! கோட்டின் மேல் குவிந்திருந்த இரும்புத்தூள் பறந்தது. ஷீல்டை இறக்கினார், மறுபடி வெட்டினார். நிறுத்தினார், தள்ளினார், ஃபூ, இறக்கினார்.

ஷீல்டக்கா டப்பாவை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஏழாவது தடவை ஊதின பிறகு அவர் இறக்கவில்லை. மறந்துவிட்டார். மனைவி எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என்பதே மறந்துவிட்டது. ஷீல்டு கூரையாக மேலே நிற்க, கீழே வெறும் முகத்தோடு வளைவில் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஒருவர், ஃபூ. வாசலோரம் இன்னொருவர், ஃபூ. பட்டறை முழுக்க ஊதிக்கொண்டுதான் இருந்தது. மெஷின் சத்தத்தில் காதில் விழாது, பார்த்தால்தான் தெரியும்.

மெஷின் நின்றதும் கேட்டாள். "எதுக்கு ஊதுறீங்க?"

கொடிக்காரருக்குக் கேள்வியே புரியவில்லை. எதுக்கு மூச்சு விடுறீங்க என்று கேட்டது போல முழித்தார். "ஊதாம? கோடு தெரியணும்ல."

"ஒரு பிரஷ்ஷால தள்ளினா என்ன?"

"தூளோட சாக்பீஸ் கோடும் சேர்ந்து போயிடும். அப்புறம் கொடி எது, இலை எதுன்னு நான் எங்க போய்த் தேடுறது? ரெண்டு கையும் வேற மெஷின்ல இருக்கு. சும்மா இருக்கிறது வாய் ஒண்ணுதான்."

"மாமா வாய் என்னிக்கு சும்மா இருந்துச்சு?" என்றான் தம்பி. சிரிப்பு வந்த வேகத்தில் அடுத்ததையும் சொல்லிவிட்டான். "அன்னிக்கும் ஊதும்போதுதானே கண்ணுல விழுந்துச்சு."

கொடிக்காரர் அவனை முறைத்த முறைப்பில் வெல்டிங் ராடே பற்றிக்கொண்டிருக்கும்.

"வெட்டும்போது தெறிச்சதுன்னு சொன்னீங்க" என்றாள் ஷீல்டக்கா.

"பின்னே? நானே ஊதி என் கண்ணுல நானே போட்டுக்கிட்டேன்னா ஊரே சிரிக்கும். டாக்டர்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன்." கொடிக்காரர் தரையைப் பார்த்தார். "மூலையில மோதித் திரும்பி வந்துருச்சு. கண்ண மூடறதுக்குள்ள."

அவளுக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. ஆனால் மனசு அதற்குள் வேறெங்கோ ஓடிவிட்டது. இத்தனை நாளும் ஷீல்டு நெற்றியை, காதை, பிடரியை என்ன செய்கிறது என்றுதான் யோசித்திருந்தாள். வாய்க்கு ஒரு வேலை இருக்கும் என்று தோன்றவே இல்லை. மூடிவிட்டால் அவர் குருடாகிறார், திறந்துவிட்டால் கண் போகிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஓட்டை வேண்டும்.

மறுநாள் தகட்டில் உதட்டுக்கு நேர்கீழே ஓர் ஓட்டை போட்டாள். அதில் சுண்டுவிரலைவிட மெலிசான ரப்பர் குழாயைச் செருகினாள். உள்முனை உதட்டருகே வளைந்திருக்கும். வெளிமுனை ஒரு சாண் கீழே தொங்கும். கொடிக்காரர் போட்டதும் தம்பி தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

"மாமா, தும்பிக்கை! காட்டுப் பக்கம் போயிடாதீங்க, கூட்டத்துல சேர்த்துக்கும்."

வெட்டினார். குழாயைக் கவ்வி ஊதினார். மெல்லிய குழாயில் காற்று ஊசி மாதிரி இறங்கி, தூள் ஒதுங்கிக் கோடு பளிச்சென்று தெரிந்தது. "அட!" என்றார். சந்தோஷத்தில் அப்படியே அடுத்த மூச்சையும் குழாய் வழியாகவே இழுத்தார். அவ்வளவுதான். இரும்புத்தூள் தொண்டைக்குள் போய், இருமி, கண்ணில் நீர் வந்து, ஷீல்டைக் கழற்றி எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடினார்.

"கண்ணைக் காப்பாத்த வந்தவ உயிரை எடுக்கப் பார்க்கிறாளே!" என்று வெளியே இருந்து குரல் வந்தது.

வீட்டில் அவள் இரண்டு நாள் குழாயும் கையுமாக அலைந்தாள். ஊதினால் போகணும், இழுத்தால் வரக்கூடாது. பலூன் துண்டை உள்ளே ஒட்டிப் பார்த்தாள். பிய்த்துக்கொண்டு பறந்தது. மூன்றாம் நாள் கடைத்தெருவில் வண்ணமீன் விற்கும் கடை முன்னால் கால் தானாக நின்றது. தொட்டிக்குள் குமிழ் விடும் பம்பு. கரண்டு போனால் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே பின்னால் ஏறிப் பம்புக்குள் போக வேண்டுமே, ஏன் போவதில்லை? கடைக்காரரையே கேட்டாள்.

"அதுக்குன்னு ஒரு சின்ன அடைப்பான் இருக்கும்மா, ஒரு பக்கம்தான் விடும்" என்று கட்டைவிரல் நகத்தளவு ஒன்றை எடுத்துக் காட்டினார். "எத்தனை மீன் வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுதான்" என்றாள் ஷீல்டக்கா. "கொஞ்சம் பெருசு."

அதைக் குழாயின் நடுவில் பொருத்தினாள். கொடிக்காரர் இந்தத் தடவை பட்டறை வாசலில் நின்று, பத்துத் தடவை உறிஞ்சிப் பார்த்து, ஒன்றும் வரவில்லை என்று நிச்சயமான பிறகுதான் மெஷினைத் தொட்டார். அவள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பார்த்தால் போடத்தான் போடுவார். வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஒரு மாதம் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலிருக்க நாக்கைக் கடித்துக்கொண்டது அவளுக்குத்தான் தெரியும். ஒரு சாயங்காலம் கொடிக்காரர் ஷீல்டை மேஜையில் தொப்பென்று போட்டார்.

"வேற குடு. என்னத்தைப் பண்ணி வச்சிருக்கே! கோடே தெரியல. ஒரே குழி."

இப்படி ஒரு குறைக்காகத்தான் காத்திருந்தாள். ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. தூக்கிப் பிடித்தாள். நூற்றுக்கணக்கில் குழிகள், ஒவ்வொன்றிலும் பழுப்புப் புள்ளி. வலது கண் இருக்கும் இடத்துக்கு நேரே ஒன்று, பெரிசாக, கரிந்து, பாதித் தகடு வரைக்கும் இறங்கியிருந்தது. அதன் மேல் விரலை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

பிறகுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. குழாய்க்கு மேலே, உதட்டுக்கு நேராக வெளிப்பக்கத்தில், அரைவட்டமாக ஒரு கறை. அதிலிருந்து கோடு கோடாகக் கீழே ஒழுகிக் காய்ந்திருந்தது. இரும்புமில்லை, எண்ணெயுமில்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. மோந்து பார்த்தாள்.

"இது என்னங்க?"

"எது? மழைத்தண்ணியா இருக்கும்."

"மழை சர்க்கரை போட்டா பெய்யுது?"

கொடிக்காரர் செருப்பைக் கழற்றுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார். செருப்பு ஏற்கெனவே வாசலில் கிடந்தது.

"டீ" என்றார். "கிளாஸை வாய்க்குக் கொண்டு போனேன். இது மூஞ்சியில இருக்கிறது ஞாபகம் இல்ல. உன் தம்பி பார்த்துட்டான். நாளைக்கு வந்து சொல்லுவான், அதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன்."

ஷீல்டக்கா அந்தக் கறையைத் துடைக்காமல், புதுசுக்கு எலாஸ்டிக் அளவெடுக்க ஆரம்பித்தாள்.