தந்தூரி அடுப்போடு சேர்த்து

ஆஸ்திரேலியாவின் மில்டூராவில் வித்யாவதியின் கையால் பட்டர் சிக்கன் சாப்பிடாத குடும்பம் இல்லை. அவள் மட்டும் அதை வாயில் வைப்பதில்லை. ஃபிஜியில், பா நகரத்துக் கரும்புக் காட்டில் பிறந்தவள். முப்பது வயது வரை தந்தூரி ரொட்டியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஊரை விட்டு வந்த கணவன் ஷியூ நாராயண், "இந்த வெள்ளைக்காரங்களுக்கு நாம இந்தியாக்காரங்கதான். அப்போ இந்தியச் சாப்பாடே போடுவோம்" என்று கடை திறந்தான். சிட்னியில் ஒரு பஞ்சாபி சமையல்காரரிடம் போய்க் கற்றுவந்தது என்னவோ அவள்தான். 'இந்தியாவில் எந்த ஊர்?' என்று சாப்பிட வந்தவர்கள் கேட்டால், கூசாமல் 'டெல்லி' என்பான் அவன். கொள்ளுத்தாத்தா கரும்புக் கூலியாக ஃபிஜிக்குக் கப்பலேறிய பிறகு அவர்கள் குடும்பத்தில் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

பிள்ளைகள் இரண்டும் கடையின் மாவு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்து, மெல்போர்னில் வேலைக்குப் போய்விட்டன. "கடையா? ஆளை விடுங்க" என்றன. குறை சொல்ல முடியாது. அவளுக்கே அதே எண்ணம்தான். வெங்காயக் குழம்பைக் கிளறிக் கிளறித் தோள் இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன என்பதே மறந்துபோயிற்று. கடையை விற்கப்போகிறோம் என்று கேட்ட அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

வாங்க வந்தவன் குர்தேஜ், லாரி ஓட்டிக்கொண்டிருந்த பஞ்சாபி. ஷியூ நாராயண் அவனைக் கொட்டகையில் உட்காரவைத்து ஃபிஜிக்காரர்கள் குடிக்கும் யங்கோனா வேர்ப்பொடியைக் கிண்ணத்தில் கரைத்துக் கொடுத்தான். அந்தக் கிண்ணத்தின் முன்னால் கொடுத்த வாக்கை ஃபிஜிக்காரன் மாற்றமாட்டான். குடித்தால் நாக்கு மரத்துப்போகும். அன்றைக்குப் புத்தியும் மரத்திருக்க வேண்டும்.

"முடிஞ்சுது" என்று உள்ளே வந்தான். "தந்தூரி அடுப்பு, ரெண்டு ஃப்ரீசர், அப்புறம் ஒரு ரெண்டு வருஷத்துக்கு நீ."

"நானா?"

"ருசி மாறினா எவன் வருவான்னு கேக்குறான். நியாயந்தானே? கிண்ணத்த வச்சு வாக்குக் குடுத்துட்டேன்."

"அடுப்புக்கு வாய் இல்ல. எனக்கு இருக்குல்ல? ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உன்கிட்ட என்னத்தக் கேக்குறது? நம்ம கடைதானே."

அவன் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

மறுநாள் கடை திறக்குமுன் குர்தேஜ் வந்தான். தங்களுக்கென்று செய்துவைத்திருந்த டின் மீன் குழம்பையும் மரவள்ளிக் கிழங்கையும் அவனுக்குப் போட்டாள். விரலை நக்கிக்கொண்டே அவன் கேட்டான்: "ஆன்ட்டி, அங்கிள் சொல்லிட்டாரு. இருந்தாலும் உங்க வாயால கேக்கணும். ரெண்டு வருஷம் இருப்பீங்களா?"

இத்தனை வருஷத்தில் வித்யாவதியிடம் சம்மதம் கேட்ட முதல் ஆள், போயும் போயும் யாரோ ஒருவன்.

"இல்லப்பா. என்னால முடியல. குழம்பு வைக்கிறதச் சொல்லித் தர்றேன். நிக்க மாட்டேன்."

"நான் குடுத்த வாக்கு..." என்று இழுத்தான் ஷியூ நாராயண்.

"வாக்குக் குடுத்தவரே நின்னு கிளறட்டும்."

குர்தேஜ் சிரித்துவிட்டான். "பரவால்ல ஆன்ட்டி, கடைய எடுத்துக்கறேன். ஊர்லேருந்து என் வீட்டுக்காரி அடுத்த மாசம் வர்றா. நல்லா சமைப்பா. அவ பாத்துப்பா."

ஏப்ரனை அவிழ்த்துக்கொண்டிருந்த வித்யாவதியின் கை நின்றது.

"அவகிட்ட கேட்டியா?"