நானா கதைத்த தமிழ்

நானாவின் பிளாஸ்க்கைத் திறந்தால் முதலில் இஞ்சி மணக்கும், பிறகுதான் தேத்தண்ணீர். ஸ்டுட்கார்ட்டில் ஒரு பெரிய மருத்துவமனைச் சமையலறையில், நோயாளிகள் சாப்பிட்டு அனுப்பும் தட்டுகளைக் கழுவும் வேலை எங்கள் இருவருக்கும். அவரும் நானும் யாழ்ப்பாணம்; அவர் முஸ்லிம், என்னைவிட மூத்தவர். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் ஊர் வழக்கப்படி நானா என்றே அழைப்பேன். மெஷின் போடும் இரைச்சலுக்குள் எட்டு மணித்தியாலமும் தமிழில் கத்திக் கத்திக் கதைப்போம். நல்லூர்த் திருவிழாவில் அவருடைய வாப்பா வளையல் கடை போட்டவராம். "உங்கட தங்கச்சிமார் எங்களிட்டத்தான் வாங்கியிருப்பினம்" என்று சொல்லிச் சிரிப்பார். எங்கள் வீட்டுப் பெண்களிடம் பேரம் பேசி வெல்ல ஏலாது என்பது அவருடைய தீராத குறை. நோன்பு காலத்திலும் பிளாஸ்க் வரும். அவர் குடிக்கமாட்டார், எனக்கு ஊற்றித் தருவார். அந்த வேலையை நான் விரும்பினேன் என்று சொன்னால் மனைவி இன்றைக்கும் நம்பமாட்டாள்.

ஒரேயொரு நாள்தான் அவர் அந்தக் கதையைச் சொன்னார். தொண்ணூறாம் ஆண்டில் ஆயுதத்தோடு வந்த இயக்கக்காரர் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னதும், உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டதும். "அயலட்டையில ஒருத்தரும் வாய் திறக்கேல்லை, தம்பி" என்றார். அன்று வாய் திறக்காதவர்களில் நானும் ஒருவன். எங்கள் ஒழுங்கையால் அந்தச் சனம் போனதைப் வீட்டு வாசல் படலைக்குள் நின்று பார்த்தவன். அதை அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் அந்தக் கட்டடங்கள் விழுந்த பிறகு, நிறத்தைப் பார்த்தே ஆட்கள் எங்களை முறைக்கத் தொடங்கினார்கள். கோயிலிலும் கலியாண வீட்டிலும் எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் ஒரு ஜெர்மன் வசனத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள்: 'நான் முஸ்லிம் இல்லை, இந்து.' விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்களும் அதைப் பிழையில்லாமல் சொன்னார்கள். நானும் பாடமாக்கினேன்.

அந்த வருட நோன்பு மாதத்தில் ஒரு நாள், வேலை முடிந்து ட்ராமுக்கு நின்றபோது மூன்று இளைஞர்கள் எங்களை மறித்தார்கள். ஒருவன் "முஸ்லிமா?" என்று கேட்டான். அவன் கேட்டு முடிப்பதற்குள் என் வாயிலிருந்து அந்த வசனம் வந்துவிட்டது. என்னை விட்டுவிட்டு மூவரும் நானாவின் பக்கம் திரும்பினார்கள். ஒருவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ள, அவர் அங்கிருந்த இருக்கை வாங்கில் மோதி விழுந்தார். ட்ராம் வந்ததும் அவர்கள் போய்விட்டார்கள். நான் கை கொடுத்தேன். அவர் தானாகவே எழும்பினார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் தப்பிவிட்டேன் என்ற நிம்மதியும் இருந்தது, அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

அடுத்த நாள் காலை நானா எனக்கு ஜெர்மனில் வணக்கம் சொன்னார். பகிடி என்று நினைத்து, "என்ன நானா, இன்னும் நோகுதோ?" என்று கேட்டேன். அதற்கும் ஜெர்மனில்தான் பதில். கோபமில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். படலைக்குள் நின்றதையும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, தட்டுகள் வருகின்றன என்று ஜெர்மனில் சொன்னார். அவர் பென்ஷனுக்குப் போகும்வரை, ஆறு வருடமும் அப்படியே.

இப்போது அந்தச் சமையலறைக்கு நான்தான் மேற்பார்வையாளன். உங்களுடைய ஜெர்மன் நன்றாக இருக்கிறதே, எங்கே படித்தீர்கள் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். ஆறு வருடம் நானாவிடம் படித்தது.