சிரிச்சா முந்தானையை இழு

வேம்புலிக்குக் கை ஓடுவதே வாயால்தான். வித்தை காட்டும்போது மேசைமேல் மூன்று பித்தளை டம்ளர், அடியில் மூன்று பஞ்சு உருண்டை. வாய் ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும். கூட்டம் சிரிக்கும். சிரிக்கிறவன் பக்கத்திலிருப்பவன் முகத்தைப் பார்ப்பான். அந்த ஒரு விநாடி போதும். இடது கை பைக்குள் போய் எலுமிச்சம்பழத்தோடு திரும்பி டம்ளருக்கு அடியில் நுழைந்துவிடும். தூக்கிக் காட்டினால் பஞ்சு இருந்த இடத்தில் பழம். “மந்திரமாவது மண்ணாவது, சனம் சிரிக்கிற சிரிப்புதான் மந்திரம்” என்பான் பெண்டாட்டி கன்னியம்மாவிடம்.

அந்தச் சிரிப்புதான் அவனுக்குக் கேட்காமல் போயிற்று.

அயனம்பாக்கத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அறுபத்தைந்தாம் வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் டப்பா மூடி அடிக்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். ஆறு வருஷம் தகடு வெட்டும் பவர் பிரஸ் இடி இடித்ததில் காது கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, எழுபத்தொன்றில் ஆடி மாதம் அடியோடு அடைத்துக்கொண்டது. கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லை. பிரஸ் ஓடும்போது அங்கே எல்லாரும் பேசுவது கைச்சாடையில்தான்.

ஃபோர்மேன் ஜெயராமனுக்கு மட்டும் சந்தேகம் தட்டியிருந்தது. ஆயுத பூஜை முடிந்ததும் பர்மனென்ட் லிஸ்ட் வரப்போகிறது. காது கேட்காதவனைப் பிரஸ்ஸில் நிற்கவிட மாட்டார்கள். வேறு வேலையும் கிடையாது, வீட்டுக்குத்தான். வருஷம் தவறாமல் பூஜையில் வித்தை காட்டுகிறவன் இந்த வருஷம் மாட்டேன் என்றால் குட்டு உடைந்துவிடும். நன்றாகக் காட்டிவிட்டால் ஜெயராமன் வாயும் அடைபடும்.

வழியை அவனே கண்டுபிடித்தான். “நீ முன்னாடி குந்திக்கோ. பொரி மெல்லுற வாயா, சிரிக்கிற வாயான்னு எனக்குப் பிரிபடல. சனம் சிரிச்சா முந்தானையை இழுத்து வுடு. நான் உன்னைப் பாத்துக்கினே பேசுறேன். இழுத்தியானா கையை உள்ள வுடுவேன்.” பதினைந்து நாள் வீட்டில் ஒத்திகை பார்த்தார்கள். கன்னியம்மா சிரிப்பாள், இழுப்பாள். பழம் வந்துவிடும்.

பூஜையன்று பிரஸ்ஸுக்கெல்லாம் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். பொரிப் பொட்டலமும் கையுமாக நூறு பேர். முன்வரிசையில் கன்னியம்மா. அவளுக்கு இரண்டு ஆள் தள்ளி துலுக்கானம், வலது கையில் கட்டோடு. பத்து நாளைக்கு முன்னால் பிரஸ்ஸில் இரண்டு விரலைக் கொடுத்தவன். அன்று அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவனே வேம்புலிதான்.

முதல் டம்ளர் அழகாக வந்தது. கூட்டம் சிரித்தது, கன்னியம்மா இழுத்தாள், பழம் உருண்டது. இரண்டாவதும் அப்படியே. ஜெயராமன்கூடக் கை தட்டினான். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மூன்றாவதுக்கு வேம்புலி ஆறு வருஷமாகச் சொல்லும் பேச்சையே எடுத்துவிட்டான். தான் பேசுவது தன் காதுக்கே எட்டாதவனுக்கு வாய் போகும் வழி தெரிவதில்லை. பழக்கத்தில் அது பாட்டுக்குப் போயிற்று.

“அண்ணாத்தே, எல்லாரும் அவங்கவங்க வெரலை எண்ணிப் பாத்துக்கோங்க. பத்துக்குப் பத்து கீதா? ஒண்ணு ரெண்டு கொறஞ்சா என்னைக் கேக்காதீங்க, பிரஸ்ஸைக் கேளுங்க.”

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பொரி மெல்லுகிற வாய்கூட நின்றுவிட்டது. துலுக்கானம் கட்டுப் போட்ட கையை மடிக்குள் இறக்கிக்கொண்டான். மேசைக்குப் பின்னால் வேம்புலி, என்ன சொன்னோம் என்று தெரியாமல், முகமெல்லாம் பல்லாகக் கன்னியம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு விநாடி. இரண்டு விநாடி. அந்த முகம் மெல்லச் சுருங்கத் தொடங்கியது.

பாவி மனசு பொறுக்கவில்லை. இழுத்துவிட்டாள்.

கை பைக்குள் போயிற்று. அந்த அமைதியில் நூறு பேர் கண்ணும் அந்தக் கைமேல்தான் இருந்தது. பழம் வெளியே வந்ததையும் டம்ளருக்குள் நுழைந்ததையும் சின்னப் பிள்ளைகூடப் பார்த்தது. வேம்புலி டம்ளரைத் தூக்கிக் காட்டிக் கும்பிட்டான். கூட்டம் அப்போதுதான் சிரித்தது. பரந்தாமன் என்ற லேத் ஆள் எழுந்து பையைச் சுட்டிக் காட்டினான். கும்பிட்ட கை கும்பிட்டபடியே நின்றது.

ஜெயராமன் வேம்புலியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான். “வேம்புலி” என்று கூப்பிட்டான். இன்னொரு தடவை, கத்தியே கூப்பிட்டான். அதற்குள் சிரிப்பெல்லாம் ஓய்ந்துவிட்டது. வேம்புலி திரும்பவில்லை. ஜெயராமன் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

ஏரிக்கரையோடு வீட்டுக்கு நடந்தார்கள். அவன் முன்னால், அவள் பின்னால். “யோவ், சனம் சிரிக்கலய்யா. நான்தான் பொய்யா இழுத்தேன்” என்றாள் அவன் முதுகைப் பார்த்து. அவன் பாட்டுக்கு நடந்தான். ஓடிப்போய் முன்னால் நின்று இன்னொரு தடவை சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

வீட்டு வாசலில் அவனே கேட்டான். “மூணாவதுக்குச் சிரிச்சாங்கல்ல?”

கன்னியம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

“அப்ப கைதான் மந்தமாயிட்ச்சி.”

லிஸ்டில் பேர் வரவில்லை. குத்தம்பாக்கம் பக்கம் செங்கல் சூளையில் கல் அடுக்கப் போனான். சாயங்காலம் வந்ததும் பேச்சில்லாமல் டம்ளரை வைத்துக்கொண்டு உட்காருவான். இடது கையை உள்ளே விடுவான், எடுப்பான், போதவில்லை என்று தலையை ஆட்டிக்கொள்வான், மறுபடி விடுவான். எதிரில் உட்கார்ந்து அரிசி புடைக்கிற கன்னியம்மாவால் ஒரு நாள்கூட அந்தப் பழம் நுழைவதைப் பார்க்க முடிந்ததில்லை. அவ்வளவு வேகம்.