கறுப்புத் திரைக்குப் பின்னால் எண் சொன்னவர்

“படிக்காதவன் சொன்னா மூடநம்பிக்கைன்றீங்க. படிச்ச நீயே வந்து சொன்னா அத்த இன்னான்றது?” என்று என் நைனா கேட்டார். கேட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அப்படியொரு சிரிப்பு.

அவர் கேட்டது நியாயம்தான். கோவில்பதாகையில் எங்கள் தெருக்காரர்கள் யாராவது ஏரிக்கரையில் முனியைப் பார்த்தேன் என்று வந்தால், எத்தனை மணி, எவ்வளவு உயரம், கூட யார் இருந்தது என்று நான் குறுக்குக் கேள்வி போட்டே அவர்களை ஓட வைத்துவிடுவேன். இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு அன்றைக்கு வரை ஒரு கடுகளவு நம்பிக்கையும் கிடையாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். கல்லூரியிலும் ஏறி வேதியியலில் பி.எஸ்ஸி. முடித்தேன். நைனா ஒரு காலத்தில் அடுத்தவர் கழனியில் நாற்று சுமந்தவர், இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மூட்டை ஏற்றுகிறார். அவர் மகள் வளர்மதி மண்ணூர்பேட்டையில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு உணவில் வைட்டமின் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்கிறாள். இதை நான் பெருமையாகச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

எங்கள் லேப் சின்னது. பிஸ்கட், பால் பவுடர், டானிக், சத்து மாத்திரை என்று கம்பெனிகள் அனுப்புவதைச் சோதித்து ரிப்போர்ட் கொடுப்போம். வைட்டமின் ‘ஏ’ பார்ப்பதற்கு மட்டும் தனியாக ஓர் இருட்டறை உண்டு, ஏனென்றால் அந்த வைட்டமினுக்கு வெளிச்சம் ஆகாது, வெயில் பட்டால் செத்துப்போகும். ஜன்னல் கிடையாது, ஒரே ஒரு கதவு, உள்ளே பூச்சி மாதிரி ஒரு சிவப்பு பல்பு.

வேலை இப்படித்தான் நடக்கும், இதைப் புரிந்துகொண்டால்தான் பிற்பாடு நடந்தது புரியும். உணவிலிருந்து குளோரோபார்மில் பிரித்தெடுத்த சாற்றை டியூபில் வைத்து அதில் ஒரு திரவத்தை ஊற்றினால் மயில் கழுத்து நிறத்தில் ஒரு நீலம் பொங்கி வரும். எவ்வளவு நீலமோ அவ்வளவு வைட்டமின். ஆனால் பத்து எண்ணுவதற்குள் அது மங்க ஆரம்பித்துவிடும். அதனால் எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஊற்றுகிறவள் டியூபை மீட்டரின் குழியில் செருகி “ஊத்திட்டேன்” என்பாள். மீட்டரின் மறுபக்கம், குடைத் துணியில் தைத்த ஒரு கறுப்புத் திரைக்குப் பின்னால், வாசிக்கிறவள் ஸ்டூலில் உட்கார்ந்து முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து எண்ணைச் சொல்வாள். ஊற்றுகிறவள் அதை எழுதிக்கொள்வாள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. வேலை நடக்கும்போது கதவுக்கு மேலே வெளிப்பக்கம் ஒரு விளக்கு எரியும், அது எரிந்தால் முதலாளியே வந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது.

நான் ஊற்றுகிறவள். வாசிக்கிறவள் ஸ்டெல்லா. அவள் அப்பா ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். ஸ்டெல்லா ரொம்பக் குள்ளம், அதனால் அந்தத் திருகு ஸ்டூலை உச்சிவரை உயர்த்தி வைத்திருப்பாள். நானோ எங்கள் வீட்டு நிலைப்படியில் தினம் தலை இடித்துக்கொள்கிற உயரம். அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு, என்னை நடித்துக் காட்டுவது. லேபில் நான் பார்த்துப் பார்த்துப் பேசுவேன், ஆனால் அவசரத்தில் வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிடும். உடனே பிடித்துக்கொள்வாள். டீ நேரம் முழுக்க “இன்னாமே வளரு, எய்திக்கினியா” என்று ஒரே கூத்துதான்.

சென்ற தை மாதம், பொங்கல் லீவு முடிந்த கையோடு, நான் தனியாகக் கையெழுத்துப் போட்ட முதல் ரிப்போர்ட் வெளியே போனது. மாங்காட்டில் சத்துமாவு தயாரிக்கிற ஒரு கம்பெனியின் மாவு அது. முள் பதினாலைத் தாண்டவில்லை. இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் வைட்டமின் இருந்தது. ‘தேறவில்லை’ என்று எழுதினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்தக் கையெழுத்தைப் போடும்போது உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

இரண்டாம் நாளே கம்பெனிக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

“இந்தப் பொண்ணா பாத்துச்சு? ரெண்டு மணி நேரம் மெஷின்ல சுத்தி எடுக்கறம் சார். என் கண் முன்னாடிதான் வைட்டமின் போடறான். எங்க போயிருக்கும், நீங்களே சொல்லுங்க” என்றார்.

“நான் ரெண்டு தடவை பாத்தேன் சார்” என்றேன்.

“ரெண்டு தடவ தப்பா பாத்தியாம்மா?”

எங்கள் சீஃப் கெமிஸ்ட் அதிர்ந்து பேசாதவர். அவர் என்னைத் தனியாக அழைத்தார். “புதுசா சாம்பிள் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன். மறுபடியும் பாரு. இந்த மாசக் கடைசியில உன்ன நிரந்தரம் பண்றதா வேணாமான்னு நான் எழுதணும். கையெழுத்து நிக்காத கெமிஸ்ட வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. வேலை போனால் நைனா ஒன்றும் சொல்ல மாட்டார், தெருதான் சொல்லும்.

மறுநாள் காலை பழுப்பு பாட்டில்களில் புது மாவு வந்தது. முதலில் எடுத்த அதே பீப்பாயின் மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து எடுத்தது. நான் காய்ச்சி, பிரித்து, வடிகட்டி முடிக்கப் பதினொன்றரை ஆகிவிட்டது. ஸ்டெல்லா ஐஸ் கொண்டுவரப் போயிருந்தாள். “நீ போய் அடுக்கி வையி, நான் பின்னாலயே வாரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் உள்ளே போய், கதவுக்கு மேலே இருக்கிற விளக்கைப் போட்டேன், டியூப்களை அடுக்கினேன். திரை அசைகிற சத்தம் கேட்டது. யாரோ உட்காருகிற சத்தமும் கேட்டது. வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன், வேறு என்ன நினைப்பேன் சொல்லுங்கள்.

முதல் டியூபில் ஊற்றினேன். நீலம் குப்பென்று வந்தது. “ஊத்திட்டேன்” என்றேன்.

“நாப்பத்தொண்ணு. எய்திக்கோ.”

எனக்குச் சுருக்கென்றது, அது அந்தக் குரலுக்காக அல்ல, எண்ணுக்காக. பதினாலு இருந்த இடத்தில் நாற்பத்தொன்றா? இரண்டாவதும் ஊற்றினேன்.

“நாப்பது. இன்னா பாத்துகினு கீறே, எய்து.”

என் பிழைப்பே தொங்கிக்கொண்டிருக்கிறது, இவள் இப்போது போய் என்னை நடித்துக் காட்டுகிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. குரல் கொஞ்சம் கரகரப்பாகத்தான் இருந்தது, ஜலதோஷம் என்று எடுத்துக்கொண்டேன். சண்டை போட நேரமில்லை, நீலம் மங்கிவிடும். ஆறு டியூபும் ஊற்றினேன், ஆறு எண்ணும் எழுதினேன். எல்லாமே நாற்பதை ஒட்டியே வந்தன. கடைசி எண்ணைச் சொன்ன பிறகு அந்தக் குரல் கொஞ்சம் இறங்கி, வீட்டில் பெரியவர்கள் திட்டுகிற மாதிரி, ஆனால் கோபமே இல்லாமல், இன்னும் ஒன்று சொன்னது.

“ஜன்னலாண்ட வெயில்ல வெச்சா இன்னாத்துக்கு ஆவும்? இனிமே வெக்காத.”

நோட்டை மூடினேன், விளக்கை அணைத்தேன், கதவைத் திறந்தேன்.

தாழ்வாரத்தில் ஸ்டெல்லா ஐஸ் தட்டோடு நிற்கிறாள். பாதி ஐஸ் தண்ணீராகியிருக்கிறது. அவள் பக்கத்தில் சீஃப் சார், அவருக்குப் பக்கத்தில் மாங்காட்டுக்காரர்.

“ஏட்டி, நான் வாரதுக்குள்ள லைட்டப் போட்டுட்டு யாரக் கூட்டிட்டு உள்ள போன? கால் மணி நேரமா நிக்கோம், கை வெறச்சிப் போச்சு” என்றாள் ஸ்டெல்லா.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நீதானே உள்ளே இருந்தாய் என்றேன். அவள் தட்டைக் காட்டினாள். சீஃப் சார், “நாங்க வந்ததுலேர்ந்து இவ எங்க கூடத்தாம்மா நிக்கறா” என்றார். அந்த அறைக்கு ஒரே கதவு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எல்லோருமாக உள்ளே போய்ப் பெரிய விளக்கைப் போட்டோம். யாரும் இல்லை. திரைக்குப் பின்னால் ஸ்டூல் மட்டும் இருந்தது. ஸ்டெல்லா அதைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். உச்சிவரை ஏற்றி வைத்திருந்த ஸ்டூல் நாலு சுற்று இறங்கியிருந்தது. அது துருப்பிடித்த திருகு, திருகினால் கோழியைப் பிடித்த மாதிரி கத்தும், தாழ்வாரம் முழுக்கக் கேட்கும். அன்றைக்கு எனக்கும் கேட்கவில்லை, வெளியே நின்றவர்களுக்கும் கேட்கவில்லை.

“குளோரோபார்ம் வாசனை” என்றார் சீஃப் சார். “மூடின ரூம்ல அத ரொம்ப நேரம் மோந்தா காதுல என்ன வேணா கேக்கும்.”

நானும் படித்தவள், அப்படித்தான் இருக்கும் என்று பிடித்துக்கொண்டேன். மிச்சமிருந்த சாற்றில் மறுபடி பார்த்துவிடலாம் என்றார். ஸ்டெல்லா அந்த ஸ்டூலில் உட்காரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அவரே திரைக்குப் பின்னால் போய் நின்றார். நான் எழுதி வைத்ததை அவரிடம் காட்டவில்லை. ஊற்றினேன்.

“நாப்பத்தி ஒண்ணு” என்றார். அடுத்தது, “நாப்பது.”

ஆறும் அதேதான், ஒரு கோடுகூடப் பிசகவில்லை. குளோரோபார்ம் காதில் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், மீட்டர் முள்ளைப் பார்த்துச் சொல்லுமா?

எனக்கு ஆகாத எண்கள்தான், ஆனால் வந்துவிட்டன. மாவு நல்ல மாவு. அப்படியென்றால் என் முதல் ரிப்போர்ட்? அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து வந்த அந்தக் கடைசி வார்த்தை எனக்கு உறைத்தது.

போகிக்கு முந்தின நாள் அந்தக் கம்பெனி மாவை வெள்ளைக் கண்ணாடி பாட்டில்களில் அனுப்பியிருந்தார்கள், காகிதம் சுற்றித்தான் வந்தது. முதன்முதலாக என் பொறுப்பில் வந்த சாம்பிள். நான் காகிதத்தைப் பிரித்து, என் கையெழுத்தில் லேபிள் எழுதி ஒட்டி, தாழ்வாரத்தில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிய வேண்டும் என்று மேற்கு ஜன்னலில் வரிசையாக நிறுத்தி வைத்துவிட்டுக் கடைசி ஆளாக லீவுக்குப் போனேன். பொங்கல் வெயில் மொத்தமும் அதன்மேல் விழுந்தது. இருட்டறைக்குள் அவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறவள், மாவுதானே என்று நினைத்துவிட்டேன். லீவு முடிந்து காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து நானேதான் அவற்றை எடுத்தேன். ஜன்னல் விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். அன்றுவரை எனக்கே அது ஒரு விஷயமாகத் தெரிந்திருக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி மாங்காட்டுக்காரரின் கலவை மெஷின்மேல் போயிருக்கும். கொஞ்ச நேரம் அதையும் யோசித்தேன், மறைப்பானேன். பிறகு அவர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். “மாவு சரிதான் சார். வெயில்ல வெச்சு நான்தான் கெடுத்துட்டேன்.”

சீஃப் சார் என் பக்கம் திரும்பினார். “இத யாரு கண்டுபிடிச்சது?”

“உள்ள... அந்தக் குரல் சொல்லுச்சு சார்.”

“அத ரிப்போர்ட்ல எழுத முடியாது” என்றார். அவ்வளவுதான். பழைய ரிப்போர்ட்டை ரத்து செய்தார். சாம்பிள் எல்லாம் அலமாரிக்குள்தான் இருக்க வேண்டும் என்று ஒரு விதி எழுதி ஒட்டச் சொன்னார், என் கையெழுத்திலேயே. மாதக் கடைசியில் நிரந்தர உத்தரவும் வந்தது. பதிவேட்டில் அந்த முதல் ஆறு எண்களுக்கு நேரே, ‘ஊற்றியவர்’ என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. ‘வாசித்தவர்’ என்ற இடம் காலி. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

மாங்காட்டுக்காரர் பிறகு ஒருநாள் இரண்டு டப்பா சத்துமாவு கொண்டுவந்து கொடுத்தார். “ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு உள்ள கீற அந்தம்மாவுக்கு. எங்க மாவ நாப்பத்தொண்ணுன்னு கரெக்டா சொன்னவங்களாச்சே” என்றார். அதை இருட்டறை அலமாரியில்தான் வைத்தோம். யாரும் அதைத் திறக்கவில்லை. ஸ்டெல்லா மட்டும் தினம் டப்பாவைத் தூக்கிக் கனம் பார்ப்பாள்.

அதற்குப் பிறகு ஆறு மாதமாக சீஃப் சார்தான் வாசித்தார். ஸ்டூலில் உட்காராமல், குனிந்து நின்றுகொண்டே. ஏன் சார் என்று கேட்டால் முதுகு வலி என்பார். முதுகு வலிக்காரர் குனிவாரா, நீங்களே சொல்லுங்கள். அந்த ஸ்டூலை யாரும் தொட்டதே இல்லை.

போன வாரம் நான் சீஃப் சாரிடம் எழுதிக் கொடுத்தேன், இனிமேல் ஸ்டெல்லா ஊற்றட்டும், நான் வாசிக்கிறேன் என்று. நைனாவிடமும் சொன்னேன். “போ, போயி குந்து. நீ பாக்காத பேயா” என்றார். இன்று காலை இருட்டறைச் சாவி என் கைக்கு வந்தது. திரையை விலக்கி உள்ளே போனேன். ஸ்டெல்லா அந்தப் பக்கம் இருந்து, “ஏட்டி, ஸ்டூலத் திருகிக்கோ, ஒனக்குத் தோதா வராது” என்றாள்.

உட்கார்ந்தேன். கால் தரையில் பதிந்தது, கண் நேராக முள்ளுக்குப் போனது. திருக வேண்டியிருக்கவில்லை.