அப்பாவின் காலும் தவிட்டுக் களியும்

வெள்ளைக்காரன் வெளியேற வேண்டும் என்று ஊரில் கூட்டம் போட்ட அப்பா, வெள்ளை அரிசியை மட்டும் விடவே மாட்டார். குன்னம் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் கம்பும் வரகும்தான். எங்களுக்கும் அதுதான். அப்பாவுக்கு மட்டும் அரியலூர் மில்லில் நன்றாகத் தீட்டிய பச்சரிசி வண்டியில் வந்து இறங்கும். மல்லிகைப் பூ மாதிரி சோறு, அதன்மேல் ரசம், அப்புறம் மோர். பருப்பு வாயு, கீரை ஆட்டுக்கு என்பார். கௌரவம் என்றால் அவருக்கு அந்தச் சோறுதான்.

அந்த வருஷம் திரௌபதி அம்மன் கோயில் தீமிதியில் மற்றவர்கள் ஓட்டமாய் ஓட, அப்பா ஆடி அசைந்து நடந்தார். நடுவில் நின்று, அவிழ்ந்த வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஊரே "தாயே!" என்று கத்தியது. மறுநாளிலிருந்து திருநீறு வாங்க வாசலில் ஆட்கள். எல்லாரும் "சாமி" என்று கூப்பிடக் கூப்பிட, அவரும் சாமியாகவே ஆகிவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோனால் பெற்ற பெண்ணுக்கே ஆசீர்வாதம் செய்வார்.

பாதம் முழுக்கக் கொப்புளம் இருந்ததை அம்மாதான் பார்த்தாள். அப்பாவுக்கு வலியே இல்லை. ஆனால் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் கரி கேஸில் ஓடிய பஸ்ஸில் அவரைப் பெரம்பலூருக்கு அழைத்துப் போனோம். டாக்டர் உள்ளங்காலில் குண்டூசியால் குத்தினார். அப்பா காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பக்தி இல்லீங்க, பெரிபெரி. தின்ன சோறு தெம்பா மாற ஒரு சத்து வேணும். அத மில்லுல தவிட்டோட தள்ளிட்டாங்க. நரம்பு பட்டினி கெடக்குது. இப்படியே விட்டா இதயம் நின்னுடும். சண்டையால ஊசி மருந்து வரல. தவிடு சாப்பிடுங்க" என்றார் டாக்டர்.

பல வருஷம் கழித்து விலங்கியல் படித்தபோதுதான் அப்பாவின் காலுக்குள் நடந்தது எனக்குப் புரிந்தது. உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று நுணுக்கமான துகள்கள் இருக்கின்றன. நாம் சாப்பிடுவது கடைசியில் அந்த அடுப்புகளில் எரிந்துதான் சக்தியாகிறது. தவிட்டிலுள்ள தயமின் என்ற வைட்டமின் இல்லாவிட்டால் அந்த வேலை சரியாக நடக்காது. சக்தியை அதிகம் செலவழிக்கும் நரம்பும் இதயமும் முதலில் துவண்டுபோகும். மூட்டை மூட்டையாக அரிசி வைத்திருந்த மனிதருக்கு உள்ளே அடுப்பு அணைந்துகொண்டிருந்தது.

அம்மா தவிட்டில் வெல்லம் போட்டுக் களி கிண்டினாள்.

"மாட்டுக்கு வைக்கறத எனக்கு வைக்கறியா?"

"மாடு நல்லாத்தானே நடக்குதுங்க."

உண்மையான பயம் அப்புறம்தான் வெளியே வந்தது. "காலு சரியாயிட்டா அடுத்த வருஷம் ஊரு என்னடி சொல்லும்?"

"ஊருக்கு வேற சாமி கெடைக்கும். எனக்கு நீங்க ஒருத்தர்தான்."

அப்பா வாயைத் திறந்தார். அன்றிலிருந்து தினமும் களி உள்ளே போனது.

அடுத்த தீமிதிக்குப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கூட்டம் வந்திருந்தது. அப்பா கம்பீரமாக முதல் அடி வைத்தார். "ஐயையோ, அம்மா!" என்று அலறினார். நாலே தாவலில் அந்தப் பக்கத்தில் கால் நனைக்கப் பால் ஊற்றி வைத்திருந்த குழியில் போய் விழுந்தார். திகைத்து நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா ஓடினாள்.

"சுட்டுச்சாங்க?"

"நெருப்புடி! சுடாம?"

அன்று முழுக்க அப்பா "எரியுதே, எரியுதே" என்று புலம்பிக்கொண்டிருந்தார். அம்மா அந்தப் பாதங்களை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எங்க, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.