தூதரகத்தில் கேட்ட இரண்டாவது கேள்வி

குவைத்தில் கோடைக்காலத்தில் குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் சுடுதண்ணீர்க் குழாயைத்தான் திறக்க வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து நேராக வருவது கொதிக்கும். அணைத்துவைத்த ஹீட்டருக்குள் கிடப்பதுதான் கொஞ்சம் ஆறியிருக்கும். வந்த புதிதில் இதை எனக்குச் சொல்லித்தந்தவன் அறைத்தோழன் செல்வம். வலங்கைமான்காரன். நான் திருத்துறைப்பூண்டி. ஒரே துப்புரவு கம்பெனியில் வேலை.

போன மாதம் அவன் அம்மா திருவாரூர் ஆஸ்பத்திரியில் பேச்சில்லாமல் கிடந்தார். எங்கள் பாஸ்போர்ட்டுகளை, நாங்கள் வேலைக்கு வந்த அன்றே மேனேஜர் வாங்கிப் பூட்டியிருந்தார். செல்வம் போய்க் கேட்டான். "புக்ரா" என்றார். அரபியில் நாளை என்று பொருள். இவன் அதை நம்பிப் பெட்டியைக் கட்டினான். மறுநாளும் புக்ரா. அதற்கு 'இப்போது போ' என்றும் பொருள் உண்டென்று புரிவதற்குள் அம்மா போய்விட்டார். தம்பி கொள்ளி வைத்ததைச் செல்வம் கட்டிலில் உட்கார்ந்தபடி போனில் பார்த்தான்.

"கருமாதிக்காவது போகணும்ணே" என்றான்.

அப்போதுதான் தஞ்சாவூர் வகுப்பு நினைவுக்கு வந்தது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அரசாங்கம் நடத்திய பயிற்சி. பாதிப்பேர் தூங்கினார்கள். நானும் குறுவைக்குத் தண்ணீர் வருமா என்ற யோசனையில் இருந்தேன். தொண்டை கட்டிய குரலில் அந்த அதிகாரி அம்மா விடாமல் பேசினார்: "பாஸ்போர்ட்ட முதலாளி வச்சுக்கக் கூடாதுங்க. வச்சுக்கிட்டா தூதரகத்துக்குப் போங்க. உங்களுக்காகத்தான் அது இருக்கு."

வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு இருவரும் போனோம். கவுன்டரில் தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவர் இருந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டு, மேனேஜருக்குப் போன் போட்டு அரபியில் பேசினார். சத்தம்கூடப் போடவில்லை.

"விசாவ ரத்து பண்ணிப் பாஸ்போர்ட்டக் குடுத்துடுறாராம். ஆனா இந்தக் கம்பெனிக்குத் திரும்ப வரமுடியாது. சரிங்களா?"

செல்வம் தலையாட்டினான். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "இவ்வளவுதானாண்ணே? முன்னாடியே வந்திருந்தா அம்மாவ உயிரோட பார்த்திருப்பேனே" என்று அழுதான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"வந்ததுக்கு நீங்களும் பதிஞ்சுட்டுப் போங்க" என்றார் ஊழியர் என்னிடம். "ஏதாவது ஒண்ணுன்னா ஊர்ல யாருக்குச் சொல்லணும்?"

மனைவியின் நம்பரைச் சொன்னேன்.

"இங்க யாருக்கு?"

இத்தனை வருஷத்தில் ஒரு பெயர் வாயில் வரவில்லை. செல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் ஊர் நம்பரக் குடுங்கண்ணே, நான் எடுக்கறேன்" என்றான்.

ஊழியர் எழுதிக்கொண்டார். எனக்கு இங்கே ஏதாவது ஆனால், இங்கிருக்கும் என் ஆளைத் தேடி வலங்கைமானுக்குத்தான் போன் போகும்.