இருநூறு முறை துவைத்த விரிப்பு

மனுக்காரி என்று அவளுக்குப் பேர் வைத்தவள் நான்தான். அதற்காக வெட்கப்படுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று வருடமாக ஒருத்தி சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல், நம்மையும் சாப்பிட விடாமல், தாளும் பேனாவுமாக எதிரே வந்து நின்றால் வேறு என்ன பேர் வைப்பதாம்?

நாங்கள் இருவரும் நகரசபை ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். அவள் ஈரத்துணிப் பக்கம், நான் இஸ்திரிப் பக்கம். ரத்தம், வாந்தி, மருந்துக்கறை எல்லாவற்றையும் அவள் பார்த்து முடித்த பிறகுதான் விரிப்புகள் வெள்ளையாக என்னிடம் வரும். சோடாவில் ஊறி ஊறி அவள் விரல்களில் ரேகையே அழிந்துபோனது. வருகைப்பதிவு மெஷின் தினமும் அவளைப் பார்த்து அப்படி ஓர் ஆளே இல்லை என்று சாதிக்கும். "ஊர்பூரா கையெழுத்து வாங்குறவளுக்குக் கைரேகை இல்லையாம், நல்லாயிருக்குடி கதை" என்று நான் கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே தாளை நீட்டுவாள்.

அவளுடைய அக்காவைக் கடலுக்கு அந்தப் பக்கம், நம்மைவிட ஏழைப்பட்ட நாட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே அக்கா ஒரு பெரிய மில்லில் விரிப்பு தைத்தாள். கதவைப் பூட்டிவிட்டு வேலை வாங்குகிற மில். ஒருநாள் ஊசி அக்காவின் விரலுக்குள் இறங்கி ஒடிந்தது. சாவிக்காரனைத் தேடிப் பிடிக்கவே அரை மணி நேரம் ஆனதாம். அதற்குப் பிறகு அக்காவும் இன்னும் இருபத்தாறு பெண்களும் வெளியே வந்து, வாடகைக்கு ஒரு தகரக் கொட்டகை பிடித்து, சொந்தமாகத் தைக்க ஆரம்பித்தார்கள்.

தைத்தார்கள், ஆனால் விற்க முடியவில்லை. அந்த நாட்டுப் பருத்தி மூட்டையாக வந்தால் நம் அரசு வரி போடாது. அதையே விரிப்பாகத் தைத்து அனுப்பினால் வரி தீட்டிவிடும். "பஞ்சை மட்டும் குடுத்துட்டுப் போ, தையக்கூலி உனக்கு எதுக்குன்னு கேக்குற மாதிரி இல்ல இது?" என்பாள் மனுக்காரி. அவள் மனுவில் இரண்டே கோரிக்கை. அந்த வரியை எடுக்கச் சொல்லி நகரசபை அரசுக்கு எழுத வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வேண்டிய விரிப்புகளை இப்படிப்பட்ட தையல் பெண்களிடமிருந்து நேராக, அவர்களுக்குக் கட்டுபடியாகிற விலைக்கு வாங்க வேண்டும். இந்த ஆர்டர் கிடைத்தால் கொட்டகை பிழைக்கும், கிடைக்காவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான்.

கால் தேய நடந்தாள். மாடிப்படி, பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூட வாசல், ஒன்றையும் விடவில்லை. "நம்ம ஊர்ல இல்லாத ஏழையா?" என்று முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தினவர்கள் எத்தனையோ பேர். அக்கா மாதிரிக்கு அனுப்பிய ஒரு விரிப்பை வார்டில் போட்டு, தன் கையாலேயே துவைத்து வந்தாள். பத்துத் துவைப்புக்கு ஒருமுறை ஓரத்தில் சிவப்பு நூலால் ஒரு தையல் போடுவாள். இருபது தையல் சேர்ந்ததும் அந்த விரிப்போடு நகரசபைக் கூட்டத்துக்குப் போனாள், துணைக்கு நானும் போனேன்.

அன்று காலையில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "உன் அக்கா பொழைக்கத்தான் நீ அலையுறேன்னு ஊரே பேசுதுடி" என்றேன். கிண்டலுக்குத்தான் சொன்னேன். அவள் முகம் செத்துப்போயிற்று.

கூட்டத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற உறுப்பினர் ஒருவர் விரிப்பை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். நூல்கூடப் பிரியவில்லை. உடனே பேச்சை மாற்றினார். "துணி நல்ல துணிதாம்மா. ஆனா நாம குடுக்கிற காசு அந்தப் பொம்பளைங்க கைக்குத்தான் போகும்னு என்ன அத்தாட்சி? தைக்கிறது உங்க அக்காவாமே?"

கூட்டம் சிரித்தது. மனுக்காரி விரிப்பை அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள்.

"என் அக்காவுக்காக நான் வரலைங்க! நியாயமா நடத்துறாங்கன்னு சர்டிபிகேட் வெச்சிருக்கிறவங்ககிட்ட மட்டும் வாங்குங்க. அது இல்லன்னா என் அக்காகிட்டயும் வாங்காதீங்க. எழுதிக்கோங்க!"

எழுதிக்கொண்டார்கள். ஒருவர்கூட எதிர்க்காமல் தீர்மானம் நிறைவேறியது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் விசிலே அடித்தேன்.

சான்றிதழ் என்றால் என்ன ஏது என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. சோதனைக்காரர்கள் விமானத்தில் வருவார்களாம். அவர்கள் டிக்கெட், தங்கும் செலவு, வருடாவருடம் கட்டணம், எல்லாம் தைக்கிறவர்கள் தலையில். கொட்டகையிலிருந்த மெஷின்களை மொத்தமாக விற்றாலும் ஒரு வருடக் கட்டணம் தேறாது. மனுக்காரி நகரசபைக்கு ஓடினாள். "நீங்க சொன்னதைத்தானேம்மா எழுதியிருக்கோம்" என்று குமாஸ்தா அவளுடைய வார்த்தைகளையே வாசித்துக் காட்டினாராம்.

சான்றிதழ் வைத்திருந்தது அந்தப் பெரிய மில். சோதனை நடந்த இரண்டு நாளும் கதவுகள் அகலத் திறந்திருந்தனவாம். ஆர்டர் அவர்களுக்குப் போனது. அரசுக்கு எழுதின கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

ஒரு சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் போன் வந்தது. மனுக்காரியின் கை ஈரமாக இருந்ததால் நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"கொட்டகையை மூடிட்டோம்டி. உங்க ஊரு ஆர்டருக்குன்னு மில்லுல ஆள் எடுத்தாங்க, நாங்க எல்லாரும் திரும்பப் போயிட்டோம். உன் புண்ணியத்துல வேலையாவது கிடைச்சுது."

குரலில் துளிக் குத்தல் இல்லை. குத்திக் காட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"கதவு?" என்றாள் மனுக்காரி.

"பூட்டித்தான் வெச்சிருக்காங்க. நீ அங்க எதையாவது கிளப்பிவிடாதே. ஆர்டர் போச்சுன்னா இதுவும் போயிடும். என் நம்பர் எழுபத்துமூணு. விரிப்பு ஓரத்துல போட்டிருப்பாங்க, பாரு."

மில்லிலிருந்து வந்த முதல் கட்டைப் பிரித்த அன்று, அவள் ஒவ்வொரு விரிப்பின் ஓரத்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். எழுபத்துமூன்று கிடைத்ததும் அதை மட்டும் தனியாக எடுத்து மடித்து வைத்தாள். மறுநாள் என்னிடம் ஒரு தாளை நீட்டினாள். புது மனு. கதவைப் பூட்டி வேலை வாங்குகிற மில்லிடம் விரிப்பு வாங்கக்கூடாது என்று எழுதியிருந்தாள். முதல் தடவையாக நான் ஒன்றும் கிண்டல் செய்யாமல், கேட்ட உடனே கையெழுத்துப் போட்டேன். வேறு எப்படி என் பாவத்தைக் கழுவுவது?

"நீ போடுடி" என்று பேனாவை அவளிடம் நீட்டினேன்.

வாங்கினாள். தாளின் மேல் வைத்தாள். துவைக்கிற மெஷின் ஒரு சுற்று முடிந்து மணி அடிக்கிறவரை வைத்தபடியே நின்றாள். பிறகு பேனாவை என் பாக்கெட்டில் செருகிவிட்டு ஈரத்துணிப் பக்கம் போய்விட்டாள்.

அந்தத் தாள் இன்னும் அவள் அலமாரியில்தான் கிடக்கிறது, என் ஒரே ஒரு கையெழுத்தோடு. எழுபத்துமூன்றாம் நம்பர் விரிப்பை வேறு யாரையும் தொடவிடாமல் அவளே துவைக்கிறாள். நேற்று அதில் ஆறாவது சிவப்புத் தையல் போட்டாள்.